தார்ச்சாலை ராலி முடிவுகள்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரினா பே இரவுப் பந்தயம் 2008இல் வந்ததிலிருந்து ஃபார்முலா ஒன் என்றால் நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உலக ராலி சாம்பியன்ஷிப் அப்படி இல்லை. நம் சாலைகளில் நடப்பதில்லை, தொலைக்காட்சியில் தற்செயலாகக் கண்ணில் படுவதும் அபூர்வம். ஆனாலும் கார் பார்க்கில் ஒரு ஜிஆர் யாரிஸைப் பார்த்துவிட்டு, இது எந்தப் பந்தயத்துக்காகப் பிறந்த கார் என்று தேடப்போய், அப்படியே ராலிக்குள் விழுந்துவிட்ட தமிழ் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி முடிவுப் பட்டியலைப் பற்றித்தான். அதிலும் தார்ச்சாலை ராலி என்றால் குழப்பம் கொஞ்சம் கூடுதல். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. 2025 பருவத்தை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் பழைய ராலிகளுக்கும் போகிறேன்.

2025இல் தார்ச்சாலை ராலிகளை யார் யார் ஜெயித்தார்கள்?

அந்தப் பருவத்தில் மொத்தம் 14 ராலிகள். அவற்றில் முழுக்கத் தார்ச்சாலையில் நடந்தவை மூன்று: ஏப்ரலில் ஸ்பெயினின் கேனரித் தீவுகள், அக்டோபரில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு மூன்று நாடுகளிலும் ஓடும் மத்திய ஐரோப்பிய ராலி, நவம்பரில் ஜப்பான். ஜனவரியில் நடக்கும் மான்டி கார்லோவும் தார்ச்சாலைதான். ஆனால் மலை உச்சியில் பனியும் உறைந்த தண்ணீரும் கிடப்பதால் அதை எல்லோரும் தனிக் கணக்கில்தான் வைப்பார்கள்.

கேனரித் தீவுகளையும் மத்திய ஐரோப்பாவையும் வென்றது பின்லாந்தின் காலே ரோவன்பெரா, யோன்னே ஹால்ட்டுனன் ஜோடி (முதல் பெயர் ஓட்டுநர், அடுத்தது பக்கத்தில் உட்கார்ந்து வழிக் குறிப்பு வாசிக்கும் கோ-டிரைவர்). மான்டி கார்லோவையும் ஜப்பானையும் வென்றது பிரான்சின் செபாஸ்தியன் ஓஜியே, வான்சான் லாந்தே ஜோடி. நான்குமே டொயோட்டா. ஹூண்டாய்க்கு அந்தப் பருவத்தில் கிடைத்த வெற்றிகள் கிரீஸிலும் சவூதி அரேபியாவிலும் வந்தவை, இரண்டும் மண் சாலை ராலிகள். தார்ச்சாலையில் ஹூண்டாய் அந்த ஆண்டு தடுமாறியது என்று சொல்வதில் தப்பே இல்லை.

கேனரித் தீவுகள் முடிவில் அப்படி என்ன விசேஷம்?

அந்த ராலி உலக சாம்பியன்ஷிப்புக்குள் வந்தது 2025இல்தான். அதற்கு முன் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பில் இருந்தது. எரிமலைத் தீவான கிரான் கனேரியாவில் சாலைகள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. தார் நல்ல தரம், டயர் ஒட்டிக்கொண்டு ஓடும். ராலிச் சாலைகளிலேயே சர்க்யூட்டுக்கு மிக நெருக்கமானது இது.

ரோவன்பெரா முதலிடம். ஓஜியே 53.5 விநாடி பின்தங்கி இரண்டாவது. எல்ஃபின் எவன்ஸ் மூன்றாவது, தகாமோட்டோ கட்சுத்தா நான்காவது. முதல் நான்கு இடமும் டொயோட்டா. பட்டியலைப் பார்த்துவிட்டு ‘ஒரே கம்பெனி ஜெயித்தது, போர்’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த 53.5 விநாடியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னால் இருப்பவர் யாரோ எவரோ இல்லை, அப்போதே எட்டு முறை உலக சாம்பியன் ஆகியிருந்த ஓஜியே. கார் இருவருக்கும் ஒன்றுதான், டயரும் ஒன்றுதான். எல்லோருக்கும் பிடிப்பு கிடைக்கிற சுத்தமான சாலையில், அதே காரில், அப்படிப்பட்டவரை ஏறக்குறைய ஒரு நிமிடம் பின்னால் விடுவது சாதாரண விஷயம் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆண்டுதான் டயர் பைரெல்லியிலிருந்து ஹான்கூக்குக்கு மாறியது. பருவத்தின் முதல் ராலிகளில் ரோவன்பெரா அந்த டயரோடு ஒத்துப்போக முடியாமல் திணறினார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பேச்சு கிளம்பிய நேரத்தில் கேனரியில் வந்து பெரும்பாலான ஸ்டேஜ்களை, அதாவது ராலியின் தனித்தனி நேர ஓட்டங்களை, வென்று, எடுக்கக்கூடிய 35 புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு போனார். 2025இன் மிகச் சிறந்த தார்ச்சாலை ஓட்டம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஜப்பான் 2025?

ஓஜியே முதலிடம், 11.6 விநாடி பின்னால் எவன்ஸ், மூன்றாவது பின்லாந்தின் இளைஞர் சாமி பயாரி. பயாரி இந்த மட்டத்தில் முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறியது அதுதான் முதல் முறை.

இந்த முடிவின் கனம் அடுத்த ராலியில்தான் தெரிந்தது. ஜப்பான் முடிந்தபோது சாம்பியன்ஷிப்பில் எவன்ஸ் முன்னால், ஓஜியே வெறும் 3 புள்ளி பின்னால். சவூதி அரேபியாவில் கடைசி ராலி முடிந்ததும் ஓஜியே 4 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். அது அவருக்கு ஒன்பதாவது பட்டம். செபாஸ்தியன் லோபின் ஒன்பது பட்டச் சாதனையைச் சமன்செய்தார். ஜப்பானில் அந்த 11.6 விநாடி எவன்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் பட்டமே கை மாறியிருக்கும்.

சர்க்யூட் பந்தயத்தில் யார் முன்னால் போகிறார் என்று கண்ணால் பார்க்கலாம். ராலியில் எப்படி முடிவு செய்கிறார்கள்?

கடிகாரத்தை வைத்து. கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக, மூடிய சாலையில் தனியாக ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் ஸ்டேஜ் என்கிறோம். மூன்று நான்கு நாளில் சுமார் இருபது ஸ்டேஜ், கூட்டினால் 300 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை நேரம் எடுப்பார்கள். எல்லா நேரத்தையும் கூட்டி, அபராத நேரம் இருந்தால் அதையும் சேர்த்தால் யாருக்குக் குறைவோ அவர் முதல்.

ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போவது பொதுச் சாலையில். நம்பர் பிளேட், சிவப்பு விளக்கு, வேக வரம்பு எல்லாம் நம்மைப் போலவேதான். அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. நேரச் சாவடிக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் 10 விநாடி அபராதம். ஒரு நிமிடம் முந்திப் போனாலோ முழுசாக ஒரு நிமிடம் அபராதம். முந்திப் போவதற்குத்தான் தண்டனை கடுமை, புதிதாக வருகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

0.6 விநாடியில் ஒரு ராலி முடிவானதாகச் சொல்கிறார்களே?

குரோஷியா, 2021 ஏப்ரல். அந்த நாடு உலக சாம்பியன்ஷிப்பில் ராலி நடத்திய முதல் ஆண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தார்ச்சாலை ராலி என்றால் என்ன என்பதை ஒருவருக்குப் புரியவைக்க இதைவிட நல்ல முடிவுப் பட்டியல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஞாயிறு காலை ஓஜியே முன்னிலையில் இருந்தார், அப்போது அவருக்கு யூலியன் இங்ராசியா கோ-டிரைவர். ஸ்டேஜுக்குப் போகும் வழியில் ஜாக்ரெப் நகரத்துப் பொதுச் சாலையில் வேறொரு காரோடு மோதல். வலப்பக்கக் கதவு நசுங்கியது. கிட்டத்தட்ட அந்தக் கோலத்திலேயே ஓட்டினார். அன்று காலை எவன்ஸ் அவரைத் தாண்டினார். கடைசி ஸ்டேஜுக்கு முன்னால் எவன்ஸ் 3.9 விநாடி முன்னிலை.

கடைசி ஸ்டேஜ் சுமார் 14 கிலோமீட்டர். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ பிறந்த கும்ரோவெட்ஸ் ஊரில் போய் முடிகிறது. ஓஜியே ஓடி முடித்துவிட்டார். அடுத்து எவன்ஸ் வருகிறார். திரையில் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, ஆனாலும் கணக்கு இன்னும் எவன்ஸ் பக்கம்தான். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு ஒரு வளைவில் கார் வெளிப்பக்கம் விலகிப் புல்லைத் தொட்டது. அவ்வளவுதான். கார் கவிழவில்லை, நிற்கவில்லை, பார்ப்பவருக்கு அது ஒரு தவறாகக்கூடத் தெரியாது. கடிகாரத்துக்குத் தெரிந்தது. ஓஜியே 0.6 விநாடியில் ஜெயித்தார். ஹூண்டாயில் வந்த தியரி நோய்வில் மூன்றாவது, அவரும் முதல்வரிடமிருந்து 8.1 விநாடிதான் பின்னால்.

இருபது ஸ்டேஜ், சுமார் 300 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 2 மணி 51 நிமிட ஓட்டம். சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் 0.6 விநாடி என்பது பதினேழு மீட்டர் சொச்சம். நம்மூர்ப் பேருந்து ஒன்று 12 மீட்டர், அப்படி ஒன்றரைப் பேருந்து நீளம்தான் மூன்று நாள் ஓட்டத்தின் வித்தியாசம். எவன்ஸ் இரண்டாவது என்று மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்தால் இதில் எதுவும் தெரியாது. அதனால்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன்: இறுதிப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள், ஸ்டேஜ் நேரங்களைத் திறந்து பாருங்கள். ராலி நடந்தது அங்கேதான்.

முதலில் புறப்படுகிறவருக்குச் சாதகமா பாதகமா?

சாலையைப் பொறுத்தது. மண் சாலையில் முதலில் போகிறவர்தான் தளர்ந்து கிடக்கும் சரளையை ஒதுக்கித் தள்ள வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குக் கெட்டித் தரை கிடைக்கும். தார்ச்சாலையில் இது அப்படியே தலைகீழ்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் மழை விட்டதும் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போய்ப் பாருங்கள். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஓடிய பாதை அது, சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். ‘ஸ்நேக்ஸ்’ என்றும் ‘டெவில்ஸ் பெண்ட்’ என்றும் வளைவுகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். காட்டை ஒட்டிய சாலை என்பதால் தாரின் ஓரத்தில் ஈர இலையும் செம்மண்ணும் ஒரு கோடு மாதிரி படிந்திருக்கும். நடுவில் தார் காய்ந்து வெளுத்திருக்கும்போது ஓரம் இன்னும் கறுப்பாக வழுக்கும். இப்போது ஒரு ராலி கார் அந்த வளைவை எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சம் பிடிக்க உள்பக்கச் சக்கரத்தைத் தாரை விட்டு இறக்கி மண்ணில் ஓட்டி ஏறும். ராலிக்காரர்கள் ‘கட்’ அடிப்பது என்பார்கள். அந்தச் சக்கரம் ஒரு வாளி மண்ணையும் கல்லையும் அள்ளிச் சாலையின் நடுவில் கொட்டிவிட்டுப் போகும். முதல் காருக்குச் சுத்தமான தார், பத்தாவது காருக்குச் சேற்றுக் குழம்பு. குரோஷியா, மத்திய ஐரோப்பா இரண்டும் இந்த விஷயத்தில் மோசம். கேனரியில் இது குறைவு.

சரி, புறப்படும் வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை சாம்பியன்ஷிப் புள்ளி வரிசை, புள்ளியில் முன்னால் இருப்பவர் முதலில் போவார். சனியும் ஞாயிறும் அந்த ராலியின் வரிசை, ஆனால் தலைகீழாக. அதாவது ராலியில் முன்னிலையில் இருப்பவர் முன்னணிக் கார்களில் கடைசியாகப் புறப்படுவார். தார்ச்சாலையில் அவருக்குத்தான் சேறு அதிகம். ஞாயிற்றுக்கிழமை முன்னிலை இரண்டு மூன்று விநாடி சரிந்தால் ஓட்டுநர் பயந்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சாலையே அவருக்கு வேறு சாலையாக இருந்திருக்கலாம்.

டயர் தேர்வு அவ்வளவு பெரிய விஷயமா?

மழை வந்தால் எல்லாமே டயர்தான். 2022 குரோஷியாவில் கடைசி நாள் ரோவன்பெரா ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் மழை கொட்டியது. அந்த ஈரத்துக்குத் தோதான டயரோடு வந்த ஓட் டனாக் ஒரே ஸ்டேஜில் அவரைத் தாண்டி 1.4 விநாடி முன்னால் போய்விட்டார். அப்புறம் கடைசி ஸ்டேஜில் ரோவன்பெரா மறுபடி பிடித்து 4.3 விநாடியில் ராலியை வென்றார். அப்போது அவருக்கு 21 வயது. அதே ஆண்டு அக்டோபரில், 22ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், உலக சாம்பியன் ஆனார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை வேறு யாரும் எடுத்ததில்லை.

டயர் எந்த ஸ்டேஜ் வாசலிலும் கிடைக்காது. கார்களைப் பழுதுபார்க்கும் இடமான சர்வீஸ் பார்க்கிலிருந்து கிளம்பும்போதே அடுத்த சில ஸ்டேஜ்களுக்கானதைத் தீர்மானித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், வானிலை இரண்டு மணி நேரம் கழித்து எப்படி மாறும் என்று ஊகித்து. உட்லண்ட்ஸில் கொட்டும்போது மரின் பரேடில் வெயில் அடிக்கிற ஊரில் இருக்கும் நமக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று விளக்கத் தேவையில்லை.

புள்ளிகள் எப்படி? ஜெயித்தவருக்கு 25 என்றால் 35 எங்கிருந்து வந்தது?

2025 முறைப்படி, இறுதி வரிசைக்கு 25, 17, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் தனியாகக் கூட்டி, அதில் முதல் ஐவருக்கு 5, 4, 3, 2, 1. கடைசி ஸ்டேஜுக்கு பவர் ஸ்டேஜ் என்று பெயர், அதில் முதல் ஐவருக்கும் அதே 5, 4, 3, 2, 1. மூன்றையும் அள்ளினால் 35.

2024இல் இருந்த முறை வேறு. சனிக்கிழமை முடிவில் யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதற்கே பெரும்பகுதிப் புள்ளியைக் கொடுத்தார்கள். அதனால் சுவீடன் பனி ராலியை ஜெயித்த எசப்பெக்கா லாப்பிக்கு 19 புள்ளி, அவருக்குப் பின்னால் வந்த எவன்ஸுக்கு 24 என்று விபரீதமாக ஆனது. ராலியை ஜெயித்தவர் குறைந்த புள்ளியோடு வீட்டுக்குப் போவது நியாயமே இல்லை. ஒரே ஆண்டில் அந்த முறையைக் கைவிட்டது நல்ல காரியம். பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது எந்த ஆண்டு, எந்த முறை என்று கவனித்துப் பாருங்கள்.

தயாரிப்பாளர்களுக்கான பட்டம் தனி. 2024இல் அது ஜப்பான் தார்ச்சாலையில்தான் முடிவானது. ஞாயிறு காலை முன்னிலையில் இருந்த டனாக் விபத்தில் வெளியேறினார். அந்த நொடியே அவருடைய ஹூண்டாய்ச் சகா நோய்விலுக்கு முதல் உலகப் பட்டம் உறுதியானது. ராலி எவன்ஸுக்கு. தயாரிப்பாளர் பட்டம் 3 புள்ளியில் டொயோட்டாவுக்கு, அதுவும் அவர்கள் சொந்த ஊரிலேயே.

முடிவுப் பட்டியலில் இரண்டு இரண்டு பெயராகப் போடுகிறார்களே, கோ-டிரைவர் அவ்வளவு முக்கியமா?

தமிழ்ச் செய்திகளில் ராலி முடிவு வரும்போதெல்லாம் ஓட்டுநர் பெயரை மட்டும் போடுவது எனக்கு உறுத்தும். மேடையில் இருவர் நிற்கிறார்கள், கோப்பை இருவருக்கும், பட்டமும் இருவருக்கும். நாமும் இரண்டு பெயரையும் சொல்வதுதான் முறை.

ராலிக்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டேஜையும் சாதாரண வேகத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி உண்டு. அப்போது ஓட்டுநர் சொல்லச் சொல்லக் கோ-டிரைவர் எழுதுகிறார்: எத்தனை மீட்டர், இடமா வலமா, வளைவு எவ்வளவு கூர்மை, உள்பக்கம் கல் இருக்கிறதா, வெட்டலாமா கூடாதா. பந்தயத்தில் அதை வாசிக்கிறார், சரியான நொடியில். ஒரு வளைவு பிந்திப் போனால் அந்தக் குறிப்பு இருந்தும் பயனில்லை, ஒரு வளைவு முந்தினாலும் ஓட்டுநர் குழம்புவார். மேலே சொன்ன நேரச் சாவடிக் கணக்கும் அவர் தலையில்தான்.

தார்ச்சாலை ராலியில் இன்னொரு ஜோடியும் உண்டு, அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஸ்டேஜ் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்து, எங்கே சேறு, எங்கே ஈரம், எங்கே உறைபனி என்று தகவல் அனுப்புவார்கள். கோ-டிரைவர் அதைத் தன் நோட்டில் ஏற்றிக்கொள்வார். மான்டி கார்லோவில் இவர்கள் இல்லாமல் யாராலும் ஓட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை விபத்தில் வெளியேறியவர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓடுகிறார். எப்படி?

காரைச் சரிசெய்ய முடிந்து, பாதுகாப்பாக இருந்தால் மறுநாள் திரும்பி வரலாம். ஓடாத ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் 10 நிமிடம் அபராதம் ஏறும். அதனால்தான் பட்டியலின் அடியில் சில பெரிய பெயர்கள் ஒரு மணி நேரம் பின்னால் கிடக்கும். ஞாயிறு புள்ளிகளுக்காகவும் பவர் ஸ்டேஜுக்காகவும் திரும்பி வருகிறார்கள்.

ஓடாத ஸ்டேஜுக்கும் சிலருக்கு நேரம் போட்டிருக்கிறதே?

முன்னால் போனவர் விபத்தில் சிக்கி ஸ்டேஜை நிறுத்தினால், பின்னால் இருப்பவர்கள் அதற்குப் பலியாகக் கூடாது. அதனால் நடுவர்கள் நியாயமான ஒரு நேரத்தைக் கணித்துக் கொடுப்பார்கள். சில சமயம் ஸ்டேஜையே ரத்து செய்வார்கள். 2024 ஜப்பானில் மூடிய ஸ்டேஜுக்குள் வெளி வண்டி ஒன்று புகுந்துவிட்டதால் அப்படித்தான் ரத்தானது.

ராலி முடிந்த பிறகு முடிவு மாறுமா?

மாறும். காரைப் பிரித்துப் பரிசோதித்து, நடுவர்கள் கையெழுத்திடும் வரை அது தற்காலிகப் பட்டியல்தான். தார்ச்சாலையில் இதற்குப் பெரிய உதாரணம் 2002 மான்டி கார்லோ. அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத லோப்தான் சாலையில் முதலாவதாக வந்தார். விதிக்கு மாறாக டயர் மாற்றியதற்காக 2 நிமிட அபராதம் விழுந்து, வெற்றி பின்லாந்தின் டொம்மி மாக்கினனுக்குப் போனது. லோப் இரண்டாவது.

அப்படியென்றால் தார்ச்சாலையில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் அந்த லோப்தானா?

என் பார்வையில் ஆமாம். 2005இல் கார்சிகா தீவு ராலியில் இருந்த 12 ஸ்டேஜ்களையும் அவரே வென்றார். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் அதற்கு முன் யாரும் ஒரு ராலியின் எல்லா ஸ்டேஜையும் எடுத்ததில்லை. ஜெர்மனி ராலியை மட்டும் 9 முறை வென்றிருக்கிறார். ரோவன்பெரா அந்த உயரத்துக்கு வருவார் என்று நம்பியிருந்தேன். ஆனால் 2025 பருவத்தோடு ராலியை விட்டுவிட்டு ஜப்பானின் சர்க்யூட் பந்தயத்துக்குப் போவதாக முடிவெடுத்துவிட்டார். வருத்தம்தான்.

நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?

மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டான் காரில் சந்தையில் விற்கும் வகைக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றவர். இந்தியாவின் கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்பை 2013, 2016, 2017 என்று மூன்று முறை எடுத்தார். அந்த சாம்பியன்ஷிப்பின் மலேசிய ராலி பாலத்தைத் தாண்டினால் வரும் ஜொகூரிலேயே செம்பனைத் தோட்டச் சேற்றில் நடந்திருக்கிறது. இவை பெரும்பாலும் மண் சாலை வெற்றிகள்.

தார்ச்சாலைப் பக்கம் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது, அது டயர். 2022 ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை ஸ்பெயினின் எஃப்ரேன் யரேனா, சாரா பெர்னாண்டஸ் ஜோடி வென்றது சென்னை எம்ஆர்எஃப் டயரில், எம்ஆர்எஃப் அணியில். தாரும் மண்ணும் கலந்த அந்த சாம்பியன்ஷிப்பில் மிஷ்லென், பைரெல்லி போன்ற பெயர்களோடு மோதி ஜெயித்த டயர் மெட்ராஸில் பிறந்த கம்பெனியுடையது. தமிழ் ஊடகங்கள் இதை இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டும்.

அஜித் ஓட்டுவது ராலியா?

இல்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அது சர்க்யூட்டில் நடக்கும் நெடுநேரப் பந்தயம். எல்லாக் கார்களும் ஒன்றாக ஓடும், கோ-டிரைவர் இருக்கமாட்டார்.

சிங்கப்பூர் நேரப்படி எப்போது பார்ப்பது?

ஐரோப்பா கோடையில் நமக்கு 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7. கேனரித் தீவுகள் ஏப்ரலில் 7. பவர் ஸ்டேஜ் பெரும்பாலும் அங்கே ஞாயிறு மதியத்தை ஒட்டி வரும், நமக்கு மாலையோ முன்னிரவோ ஆகிவிடும், இரவுச் சாப்பாட்டு நேரம். ஜப்பான் நமக்கு ஒரே மணி நேரம் முன்னால். நேரலை ராலி டிவி என்ற கட்டணச் சேவையில் வருகிறது. சந்தா வேண்டாம் என்றால் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் சொந்தச் செயலியில் ஸ்டேஜ் நேரங்கள் அவ்வப்போது ஏறும். வேலைக்கு நடுவே எம்ஆர்டியில் நின்றுகொண்டே பார்க்க அதுவே போதும்.

நேரில் பார்க்க எது வசதி?

ஜப்பான்தான். சாங்கியிலிருந்து நாகோயாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. ராலியின் மையம் பக்கத்தில் டொயோட்டா நகரத்து விளையாட்டரங்கம், ஸ்டேஜ்கள் ஐச்சி, கிஃபு மாநிலங்களின் மலைச் சாலைகளில். நவம்பரில் நடந்துகொண்டிருந்ததை 2026இல் மே மாதக் கடைசிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் இலையுதிர்கால இலைகள் தாரில் கிடக்காது, ஆனால் மழைக்கு வாய்ப்பு உண்டு, டயர் கணக்கும் மாறும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவைப் போல மலையில் விருப்பப்பட்ட இடத்தில் போய் நிற்க முடியாது. குறித்த பார்வையாளர் பகுதிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும், நல்ல இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று: இருவர் மொத்த நேரமும் பத்தில் ஒரு விநாடி வரை சமமாக வந்தால்?

முதல் ஸ்டேஜில் யார் வேகமோ அவருக்கு வெற்றி. அரங்கத்துக்குள் காட்சிக்காக நடத்தும் குட்டி ஸ்டேஜ் இந்தக் கணக்கில் வராது, அதற்கு அடுத்த உண்மையான ஸ்டேஜைத்தான் பார்ப்பார்கள்.